ஆட்டம் எங்கே பிறக்கிறது? பழைய வைஸுக்குக் கட்டிய இரும்பு மேசையில் வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் பட்டறை. பெரும்பாலும் படகு இன்ஜின் வேலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தது. ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில் இருந்த 6 அங்குல வைஸ் (வேலைத்துண்டை இரண்டு தாடைகளுக்கு நடுவே திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) அந்த வெள்ளத்தில் சேற்றுக்குள் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துப் பழைய இரும்புக் கடையின் தராசில்தான் அதைப் பார்த்தேன். 22 கிலோ. துரு கனமாக ஏறியிருந்தது. ஆனால் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டியபோது ணங்கென்று ஒலித்தது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். வார்ப்பில் விரிசல் இருந்தால் ஒலி செத்துப்போய் 'டப்' என்று கேட்கும்.

துரு எடுத்து, பழுது நீக்கி, ஆங்கிள் இரும்பில் மேசை கட்டி அதன் மேல் ஏற்றினேன். அரம் போட்டால் மேசை ஆடியது. ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று தலைதூக்கியது. மூன்று முறை பிரித்துக் கட்டிய பிறகுதான் மேசை அசையாமல் நின்றது. அந்த அனுபவத்தைக் கோளாறு வாரியாக இங்கே எழுதுகிறேன். தாடையில் நாம் கொடுக்கும் விசை திருகு, அடிப்பாகம், போல்ட், மேல்தகடு, சட்டம், கால் என்று வரிசையாக இறங்கித் தரைக்குப் போகிறது. கோளாறுகளையும் அதே வரிசையில் மேலிருந்து கீழே பார்ப்போம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு விரல் சோதனை

வைஸில் ஒன்றரை அடி நீளக் கம்பி ஒன்றை நிறுத்திப் பிடித்து இறுக்குங்கள். கூட ஒருவர் அதன் மேல்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கட்டும். நீங்கள் ஆள்காட்டி விரலை இரண்டு பாகம் சந்திக்கும் கோட்டின் குறுக்கே வையுங்கள். பாதி விரல் ஒரு பாகத்தில், பாதி மறு பாகத்தில். வைஸுக்கும் தகட்டுக்கும் நடுவே, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே, சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே, கடைசியாகக் காலுக்கும் தரைக்கும் நடுவே. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரியும். இரண்டு பாகமும் சேர்ந்து ஆடினால் அந்த இணைப்பில் குறையில்லை, கீழே போங்கள். ஒன்று ஆடி மற்றொன்று நின்றால் ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது.

எங்கள் பட்டறைத் தம்பி முதல் நாளே, "அண்ணே, கால்தான் ஆடுது, கல்லு வெச்சிடலாம்" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. விரல் வைத்துப் பார்த்தால் கால் அசையவேயில்லை. வைஸின் அடிப்பாகம் தகட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

கைப்பிடி சுற்றுகிறது, தாடை கூட வரவில்லை

திறக்கும்போது வரவில்லையா, மூடும்போது வரவில்லையா என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

திறக்கச் சுற்றும்போது திருகுதண்டு மட்டும் வெளியே வந்து தாடை அங்கேயே நின்றால், தண்டையும் நகரும் தாடையையும் சேர்த்து வைக்கும் காலர் வளையமோ பின் ஆணியோ போய்விட்டது என்று அர்த்தம். சில வைஸில் அந்த இடத்தில் ஸ்பிரிங்கும் வாஷரும் இருக்கும். பழைய வைஸில் இவைதான் முதலில் துருப்பிடித்து உதிரும். புது வாஷர், புது ஸ்பிளிட் பின், தேவைப்பட்டால் ஸ்பிரிங். அரைமணி வேலை.

மூடும்போது தாடை வந்து வேலைத்துண்டைத் தொட்டு, அதற்கு மேல் இறுக்கினால் 'கடக்' என்று நழுவினால் உள்ளேயிருக்கும் நட்டு தேய்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல மரையின் (திருகுப் புரியின்) தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த மரை கத்திமுனைபோல் கூராக நிற்கும். கடைசல் பட்டறையில் புது நட்டு கடைந்து வாங்கலாம், வார்ப்பிரும்பிலோ கன்மெட்டல் என்கிற வெண்கல வகையிலோ. அளவு எழுதிக்கொண்டு போகாதீர்கள், திருகுதண்டையே கையில் எடுத்துப் போங்கள். தண்டின் மரையும் மெலிந்திருந்தால் அதையும் சேர்த்துக் கடைவதுதான் சரி. மரை தேய்ந்த தண்டில் புது நட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ஒரு இடத்தில் லேசாகச் சுற்றுகிறது, ஒரு இடத்தில் இறுகுகிறது

பெரும்பாலும் அழுக்கு. எங்கள் வைஸில் மரை இடுக்கெல்லாம் ஆற்று வண்டல் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, பிறகு நகரும் தாடை ஓடும் வழித்தடத்தை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கழுவிய பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் தெரிந்துவிடும்.

தண்டு ஏன் வளைகிறது? கைப்பிடியில் பைப் சொருகி இழுப்பதால்தான். கைப்பிடியின் நீளமே ஒரு ஆளின் கைபலத்துக்கு அளந்து வைத்தது. பைப் போட்டு இழுத்தால் தண்டு வளையும், இல்லையென்றால் வார்ப்பு உடையும். சுத்தியலால் கைப்பிடியை அடித்து இறுக்குவதும் அதே தப்புதான்.

துரு எடுக்க நான் செய்தது: பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் வைஸின் பாகத்துக்கு, பிளஸ் ஒரு டி.எம்.டி. கம்பித் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுத்துச் சேறாக உதிரும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடிகூட வேண்டாம். சார்ஜரை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் இதிலோ ஆசிடிலோ போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு பிறகு சட்டென்று ஒடியும். அதை டீசலும் பிரஷும் வைத்துத் தேய்த்தால் போதும். வெளியே எடுத்த பாகங்களை உடனே கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பட்டை படிந்துவிடும்.

ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் நழுவுகிறது

செய்தித்தாளில் இரண்டு கீற்று கிழித்துத் தாடையின் இரண்டு ஓரத்திலும் வைத்து லேசாக மூடி, ஒவ்வொன்றாக இழுங்கள். ஒன்று சுலபமாக வந்தால் அந்தப் பக்கம் இடைவெளி இருக்கிறது. தாடைத் தகடுகளைக் கழற்றுங்கள். பத்துக்கு ஒன்பது முறை தகட்டுக்குப் பின்னால் துருப் பொருக்குதான் அடைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே நேராகிவிடும். திருகு வரவில்லையென்றால் டீசல் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, தலையில் நேராக ஒரு அடி கொடுத்துத் திருப்புங்கள். சின்னத் துண்டை ஒரு ஓரத்தில் பிடிக்கும்போது மறு ஓரத்தில் அதே கனமுள்ள இன்னொரு துண்டைக் கொடுக்கும் பழக்கம் வேண்டும். இல்லையென்றால் தாடை கோணிக்கொள்ளும்.

போல்ட் திரும்பத் திரும்பத் தளர்கிறது

எங்கள் மேசையின் முதல் வியாதி இதுதான். சாதா வாஷர், ஸ்பிரிங் வாஷர், இரட்டை நட்டு என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் தளர்ந்துவிடும். காரணம் நட்டில் இல்லை. வைஸின் அடிப்பாகம் சமமாக இல்லை.

பழைய வார்ப்பின் அடியில் பெயின்ட் கட்டி, துருக்குழி, வார்ப்புக் கரடு எல்லாம் இருக்கும். வைஸை போல்ட் போடாமல் தகட்டின் மேல் வைத்து, மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி வேலை செய்துகொண்டேயிருக்கும். அதைவிட மோசம், இடைவெளியோடு இறுக்கினால் வார்ப்பிரும்புக் காது (போல்ட் துளை உள்ள நீட்டம்) படீரென்று விரிசல் விடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது.

தகட்டில் மெல்லியதாக மைபூசி வைஸை வைத்து ஒரு சின்ன அசைவு கொடுங்கள். மை ஒட்டிய இடம் மேடு. அதை அரத்தால் இழுக்க வேண்டும். மறுபடி மை, மறுபடி அரம். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. நாலு காதுக்கு அடியிலும் மை ஒட்டினால் போதும், நடுப்பகுதி தொட வேண்டியதில்லை. பொறுமை இல்லாதவர்கள் இடைவெளியுள்ள காதுக்கு அடியில் பித்தளைத் தகட்டுக் கீற்றைச் சரியான கனத்தில் கொடுக்கலாம். அட்டை, ரப்பர், டியூப் துண்டு எதுவும் வேண்டாம். அவை அழுந்திக்கொண்டே போகும், போல்ட்டும் தளர்ந்துகொண்டே போகும். இதே காரணத்துக்காக வைஸ் உட்காரும் இடத்தில் மேசைக்குப் பெயின்ட் அடிக்காமல் வெறும் இரும்பில் கிரீஸ் தடவி உட்காரவைத்தேன்.

அப்புறம் துளை. 4 நூல் போல்ட்டுக்கு 5 நூல் துளை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) போட்டால் வைஸ் நகர இடம் கிடைத்துவிடுகிறது. போல்ட்டைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். தகட்டின் அடியில் தனித்தனி வாஷருக்குப் பதில் எல்லா போல்ட்டும் கடந்து வரும்படி 10 மி.மீ. கனத்தில் ஒரே தகடு கொடுங்கள். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு வாரம் வேலை செய்த பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள். எங்களுடையதை அதற்குப் பிறகு தொடவேயில்லை.

காது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் சாதாரண வெல்டிங் ராடில் ஒட்டாதீர்கள். ஒட்டினதுபோல் இருக்கும், ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். நிக்கல் ராடு, அல்லது பித்தளையில் கேஸ் வைத்துப் பற்றவைப்பு. செய்த பிறகு சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும்.

சுத்தியல் அடி விழுந்தால் மேசை 'டொங்' என்கிறது

தகடு பறைபோல் அதிர்கிறது. அடியில் தாங்கல் இல்லை. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். 6 மி.மீ. தகட்டைவிட 10 மி.மீ. தகடு ஏறக்குறைய நாலரை மடங்கு விறைப்பு. ஆனால் 4 அடிக்கு 2 அடி மேசைக்கு 6 மி.மீ. தகடு சுமார் 35 கிலோ, 10 மி.மீ. தகடு 58 கிலோ. இரும்பு விலையை நினைத்தால் கை தயங்கும். என் யோசனை: 8 மி.மீ. தகடு போட்டு, வைஸுக்கு நேர் கீழே முன்னிருந்து பின்வரை 75 மி.மீ. சி சேனல் ('C' வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு கொடுங்கள். வைஸ் போல்ட் சேனலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மொத்தத் தகட்டையும் கனமாக்குவதைவிட இது பலன் தரும்.

வைஸ் எங்கே உட்கார வேண்டும் என்பதும் இதில்தான் வருகிறது. நான் முதலில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மேசையின் நடுவில் வைத்தேன். அது தப்பு. முன்காலுக்கு நேர் மேலேயோ அதை ஒட்டியோ இருந்தால் அடி நேராகக் காலில் இறங்கித் தரைக்குப் போகும். இன்னொன்று, நிலைத் தாடையின் பிடிக்கும் முகம் மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் போதும். அப்போதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட் மாதிரி நீளமான சாமானைத் தரைவரை தொங்கவிட்டுச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். துளை போடுவதற்கு முன் ஒரு நீளக் கம்பியைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

மேல்தகடு படகுபோல் வளைந்துவிட்டது

சுற்றிலும் முழு நீளத்துக்கு வெல்டிங் இழுத்திருப்பீர்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும். தகட்டுக்கு அடியிலிருந்து 2 அங்குலம் ஒட்டு, 8 அங்குலம் இடைவெளி என்று விட்டுவிட்டு ஒட்டினாலே தேவைக்கு மேல் பலம். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வளைந்துவிட்டதைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கிரைண்டரில் ஒட்டை வெட்டிவிட்டால் பெரும்பகுதி தானாகத் திரும்பும்.

இழுத்தால் மேசை பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கிறது

கால் தரையில் நிற்கிறது, மேல்பாகம் மட்டும் ஊஞ்சல்போல் போய் வருகிறது என்றால் சட்டத்துக்குக் குறுக்குத் தாங்கல் இல்லை. பழைய கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அசைந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியும். நாலு மூலை உள்ள சட்டம் எவ்வளவு கனமான ஆங்கிளில் இருந்தாலும் மூலையில் மடங்கும். முக்கோணம் மடங்காது. 50 மி.மீ. கால் வாங்குவதைவிட, 40 மி.மீ. ஆங்கிளில் கால் போட்டு மிச்சக் காசில் குறுக்குச் சட்டம் கொடுப்பது எவ்வளவோ மேல். முதுகுப் பக்கம் மூலைக்கு மூலை ஒரு பட்டை. இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. முன்பக்கம் நிற்பவரின் கால் நுழைய வேண்டும் என்பதால் அங்கே மூலைகளில் 6 அங்குல முக்கோணத் தகடு போதும். விசை அதிகமாக வருவது அரம் தள்ளும் திசையில். அதனால் பக்கவாட்டுப் பட்டைகளை விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தைப் புள்ளி வெல்டிங் வைத்தவுடன் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்து அளங்கள். ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்கக்கூடாது. முழு வெல்டிங் அதற்குப் பிறகுதான். 3.15 மி.மீ. 6013 வெல்டிங் ராடு இந்தக் கனத்துக்குச் சரியாக இருந்தது.

ஒரு கால் தொங்குகிறது

காலுக்கு அடியில் காகிதம் விட்டுப் பாருங்கள், எந்தக் கால் என்று தெரிந்துவிடும். பழைய பட்டறைத் தரை எதுவும் சமமாக இருக்காது. ஒவ்வொரு காலின் அடியிலும் தகடு ஒட்டி, அதில் 16 மி.மீ. நட்டை வெல்டிங் வைத்து, போல்ட்டைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். ரசமட்டம் வைத்து ஏற்றி இறக்கி, செக் நட்டால் (போல்ட் நகராமல் பிடிக்கும் இன்னொரு நட்டு) பூட்ட வேண்டும். போல்ட் வெளியே நீளமாக நின்றால் அதுவே ஆடத் தொடங்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

மேசை மொத்தமாக நகர்கிறது

எடை போதவில்லை. கீழே தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தட்டு கொடுத்துக் கனமான சாமான்களை அதில் வையுங்கள். எங்கள் தட்டில் பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பிளாக் உட்கார்ந்திருக்கிறது. சொந்த இடமாக இருந்தால் ஆங்கர் போல்ட் அடிக்கலாம். தரை கான்கிரீட்தானா என்று முதலில் பாருங்கள். கடப்பைக் கல்லுக்கு அடியில் மணல் மட்டும் இருந்தால் ஆங்கர் பிடிக்காது, கல்தான் உடையும்.

எல்லாம் சரி, ஆனால் தோளும் இடுப்பும் வலிக்கிறது

உயரம் தப்பு. வைஸ் முன்னால் நிமிர்ந்து நின்று முழங்கையை வைஸின் தாடை மேல் ஊன்றி, விரல்களை மடக்கிக் கைமுட்டியை மேலே தூக்குங்கள். கைமுட்டி உங்கள் முகவாய்க்கட்டையைத் தொட வேண்டும். குனிந்துதான் தொட முடிகிறதென்றால் வைஸ் தாழ்வு. தோள் தூக்கினால் உயரம் அதிகம். வைஸின் உயரத்தைக் கழித்த பிறகுதான் காலை வெட்ட வேண்டும். வீட்டு மேசை உயரத்தைப் பார்த்து வெட்டிவிட்டு வருந்துபவர்கள் நிறைய. பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்தால் உயரமானவருக்குக் கட்டி, மற்றவருக்கு மரப்பலகை போடுங்கள்.

திருகில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்

மேசைக் காலில் எர்த் கிளிப்பைப் போட்டுவிட்டு வைஸில் பிடித்த துண்டில் வெல்டிங் வைத்திருப்பீர்கள். மின்சாரம் திருகின் மரை வழியாகப் பாயும். கிரீஸ் நடுவில் இருப்பதால் பொறி பறந்து மரை பொத்தல் விழும். எர்த்தை வேலைத்துண்டிலேயே நேரடியாகப் போடுங்கள். இதை மீறுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

பெயின்ட் அடித்த மூன்றாம் மாதமே துரு

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்கரை ஓரம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது ஓயாத வேலை. காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் அடியிலிருந்து கொப்புளம் வரும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீர் எடுங்கள். காய்ந்த அன்றே ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் எனாமல் இரண்டு கை. சதுர பைப்பில் கால் போட்டிருந்தால் மேலும் கீழும் மூடி வெல்டிங் வையுங்கள். திறந்த பைப்புக்குள் ஏறும் ஈரம் உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியும்போது கால் ஓட்டையாகிவிடும். நான் ஆங்கிளில் கட்டியதற்குக் காரணமே எல்லாப் பக்கமும் கண்ணுக்கும் பிரஷுக்கும் எட்டும் என்பதுதான்.

மேல்தகட்டுக்குப் பெயின்ட் வேண்டாம், ஒரே வாரத்தில் சுரண்டிப்போகும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. தேங்காய் எண்ணெயை நம்பாதீர்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்து அரத்தூளை ஒட்டவைத்துக்கொள்ளும். மெஷின் ஆயில் நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னால் திருகுதண்டை முழுவதும் வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, புதிதாகத் தடவுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நகரும் தாடையையும் தண்டையும் கழற்றிப் பரணில் வைத்துவிடலாம். கைப்பிடியை இடப்பக்கம் சுற்றிக்கொண்டே இழுத்தால் ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிடும்.